பட்டியலில் இல்லாத ஏழு பேர்

"நாப்பத்தோரு பேர் போதும் மேடம். அந்த ஏழு பேர விட்டுடுங்க," என்றார் சென்னகிருஷ்ணன்.

மத்திகிரியில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுள் ஒன்றில், ஹெட்போன் அணிந்து மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்த ரூபா, எந்த ஏழு பேர் என்று கேட்டாள். பெயர்களை நினைவுக்குக் கொண்டுவர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கழிவுத் தகடு பொறுக்கும் இருளாயி என்றார். கூட்டித் துடைக்கும் மாரம்மா என்றார். பிறகு நான்கு ஆண்கள். "அப்புறம் நம்ம திம்மன்." அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தவர் கைப்பேசியை வாயிலிருந்து விலக்காமலே, "டேய் திம்மா, அந்த டிரேய நகத்துடா, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கூவினார். தொலைவில் ஒரு குரல் "இதோ சாமி" என்றது. மறுகணமே அவருடைய குரல் தேனில் தோய்ந்து திரும்பியது. "சொல்லுங்க மேடம்."

"இதோ சாமி" என்றவர் ரூபாவின் தந்தை திம்மப்பன்.

பாகலூர்ச் சாலையில் சென்னகிருஷ்ணனுக்குப் பட்டறை இருந்தது. பம்பு மோட்டார்களுக்கான தகடுகளைப் பிரஸ் இயந்திரத்தில் வெட்டி எடுக்கும் பட்டறை. புனே நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்று மூன்றாண்டுகளுக்கான வேலையை அவருக்குத் தர முன்வந்திருந்தது. தருவதற்கு முன், பட்டறை சட்டப்படி நடக்கிறதா என்று திங்கட்கிழமை காலை வீடியோ வழியாக ஆய்வு செய்யப்போவதாகவும், பணியாளர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு, அவருடைய மற்ற எழுத்து வேலைகளைப் போலவே, ரூபாவினுடையது.

ஒன்பது மாதங்களுக்கு முன் பெங்களூர் முகவர் நிறுவனம் ஒன்றின் வாயிலாக அவரிடம் வேலைக்கு அமர்ந்தவள் அவள். வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்பது பதவியின் பெயர். வீட்டிலிருந்தபடியே மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதுவாள், விலைப்புள்ளி தயாரிப்பாள், லாரிக்குச் சொல்வாள், புனேக்காரர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவாள். அதற்கு முன் சென்னகிருஷ்ணனின் மேசையில் திறக்கப்படாத கடிதங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. இப்போதோ அவர் காலையில் பட்டறைக்கு வந்து சேருமுன்பே அன்றைய மறுமொழிகள் யாவும் சென்றிருந்தன. பதினாறு பிரஸ்களுள் ஒன்பது மட்டுமே ஓடிய கொட்டகையில் இப்போது பதினாறும் ஓடின. சிறுதொழில் சங்கக் கூட்டத்தில் அவர் இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. நாற்காலி வேண்டாம், மேசை வேண்டாம், டீ வேண்டாம், பஸ் தாமதம் என்ற பேச்சில்லை, ஆளை மாற்ற வேண்டுமானால் ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம், வேலையோ வெண்ணெயாக நடக்கிறது என்பார். அவர் சொன்னது யாவும் உண்மை.

ரூபாவுக்கும் அது நன்மையாகவே இருந்தது. எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியதில்லை. எவர் பார்வையும் அவள் மேல் ஏறி இறங்கவில்லை. அவளுடைய ஆங்கிலத்துக்கும் ஒழுங்குக்கும் கிடைத்த மரியாதை கலப்பில்லாமல் அவளிடமே வந்து சேர்ந்தது.

கலப்பில்லாமல் என்று அவள் எண்ணியது பிழை. அந்த மரியாதையில் பெரும்பகுதி வேறொன்றுக்கு உரியது. ரூபா சிறுமியாக இருந்தபோது அவளுடைய தாய் செல்லி, சென்னகிருஷ்ணனின் குடும்பத்து மாட்டுக்கொட்டகையில் சாணம் வாரினாள். தாயின் பின்னே திரிந்த குழந்தையின் செவியில் அந்த வீட்டுத் தெலுங்கு, அதன் இழுப்போடும் நெளிவோடும், அப்படியே படிந்துவிட்டது. முதல் நாள் தொலைபேசியில் அவர் தெலுங்கில் ஏதோ கேட்க, அவளும் அதே தெலுங்கில் விடை சொன்னாள். அந்தத் தெலுங்கை அவருடைய உறவினர் வீடுகளில் மட்டுமே பேசுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. மாட்டுக்கொட்டகைக்கும் செவி உண்டு என்பது அவர் நினைவில் எழவேயில்லை. நம் பெண் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து அவளிடம் அவர் மறைத்துப் பேசியது எதுவுமில்லை.

அவளும் மறுக்கவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு எதற்கு விடை என்று இருந்துவிட்டாள். திம்மனுக்கு ஒரு பெண் இருப்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருப்பது தெரியாது.

அன்று மாலை திம்மப்பன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கைகால் கழுவி உட்கார்ந்ததும், ரூபா பட்டியலைப் பற்றிக் கேட்டாள். திங்கட்கிழமை ஏழு பேரையும் பின்புற மாந்தோப்பில் இருக்கச் சொல்லியிருப்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வேலையில்லாமல் கூலி, மத்தியானம் பிரியாணியும் உண்டாம் என்று சிரித்தார். சோற்றைப் பிசைந்தது அவருடைய இடக்கை. வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணுவோடு முடிந்திருந்தன. பதினான்காம் எண் பிரஸ் அவற்றை எடுத்துக்கொண்டபோது, தீவனம் வெட்டும் இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதவைத்தவர் சென்னகிருஷ்ணன். இரண்டு மாதம் வீட்டிலிருந்துவிட்டு, மீண்டும் அதே பிரஸ்ஸுக்கே திரும்பினார் திம்மப்பன். அவருக்குப் பி.எஃப். இல்லை; இ.எஸ்.ஐ. இல்லை, அடையாள அட்டை இல்லை.

இந்தப் பட்டியல் புனேக்காரர் கைக்குப் போனால் அதுவே உண்மை என்று நிலைத்துவிடும் என்றாள் ரூபா. அந்த விரல்கள் எங்கே போயின என்று நாளை யார் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு தாள் இருக்காது. பெயர் ஏற வேண்டும். சேர்ந்த நாளோடு ஏற வேண்டும்.

திம்மப்பனின் சிரிப்பு நின்றது. பேசாமல் இரு என்றார். அவள் அங்கே வேலை செய்வது முதலாளிக்குத் தெரிந்தால் தன்னால் அந்த வாசலில் நிற்க முடியாது, இந்த வயதில் வேறு எவன் இரண்டு விரல் குறைந்தவனைச் சேர்ப்பான் என்றார்.

"நீ மேடமா இரு, நான் திம்மனா இருக்கேன். ரெண்டையும் போட்டு ஒண்ணாக் கலக்காதம்மா," என்றார் முடிவாக.

செல்லியோ, உனக்காகப் பேசுகிறவளைத் தடுக்கிறாயே மனிதா என்று சொல்லி, அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரூபா ஒரு முயற்சி செய்து பார்த்தாள். சென்னகிருஷ்ணனை அழைத்து, ஏழு பெயர்களையும் சேர்த்துவிட்டால் பின்னால் சிக்கல் வராது, பதிவு செய்யும் வேலை முழுவதையும் தானே இங்கிருந்து முடித்துத் தருவதாகச் சொன்னாள். சொன்ன காரணங்கள் அனைத்தும் அவருடைய நன்மையைச் சுட்டியவை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு விளக்கும் பாவனையில், தெலுங்கில் விளக்கினார்.

"நீ நம்ம பொண்ணு, உங்கிட்ட சொல்றதுக்கு என்னா? அவங்க பேர ஒருவாட்டி எழுதிட்டோம்னு வை, அப்புறம் கூப்பிட்ட குரலுக்கு வர மாட்டாங்க. நாற்காலி கேப்பாங்க. எங்கப்பா காலத்துலருந்து பேரில்லாமத்தான வேல செஞ்சாங்க? ஒண்ணும் கொறஞ்சி போயிடல."

ரூபா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதனுள்ளிருந்து அவர் குரல் சிறு வண்டின் இரைச்சலாக ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டறை வாயிலில் பெருமாள் படத்துக்கு முன் நின்று ஆயிரம் திருநாமம் சொல்லி அருச்சனை செய்யும் மனிதர் அவர். இறைவனுக்கு ஆயிரம் பெயர் சொல்லிச் சலிக்காத வாய்க்கு, அவன் படைத்த ஏழு பேரின் பெயர் கசந்தது. ஒரு பெயரும் விடுபடாமல் துதித்தால் வினை தீரும் என்று நம்புகிறவர், விடுபட்ட பெயர்களின்மேல் ஒரு கொட்டகையையே கட்டி எழுப்பியிருந்தார்.

ஆயினும் அவள் பட்டியலை அனுப்பினாள். தந்தையின் அச்சத்தை எண்ணி நாற்பத்தொரு பெயர்களோடு அனுப்பினாள். அனுப்பிய பின் தன் விரல்களைப் பார்த்தாள். பத்தும் குறையாமல் இருந்தன. சென்னகிருஷ்ணன்மேல் கொண்ட சினத்தைவிடத் தன்மேல் கொண்ட சினம் அந்த இரண்டு நாளும் அவளைக் கூடுதலாகச் சுட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆய்வு தொடங்கியது. புனேயிலிருந்து ஆய்வாளர், நடுவயதுப் பெண்மணி, திரையில் தோன்றினார். பட்டறையில் மேற்பார்வையாளன் வெங்கட் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இயந்திரம் இயந்திரமாக நடந்தான். ரூபா தன் முகத்தைக் காட்டாமல், ஆங்கிலத்தைத் தமிழாக்கியும் தமிழை ஆங்கிலமாக்கியும் இடையில் இருந்தாள். தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, கழிவறை எல்லாம் ஒழுங்காக இருந்தன. சென்னகிருஷ்ணன் வெள்ளைச் சட்டை அணிந்து, நெற்றியில் நாமம் துலங்க, வெங்கட்டின் பக்கத்தில் நடந்து வந்தார்.

பதினான்காம் எண் பிரஸ் அன்று ஆளின்றி நின்றது. அதனருகே வந்தபோது ஆய்வாளர், விபத்துப் பதிவேடு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார். சென்னகிருஷ்ணன் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருந்த பெருமாள் படத்தை நோக்கிக் கைகூப்பினார்.

"மேடம், நல்லா எடுத்துச் சொல்லுங்க. இந்த ஷெட்டு போட்ட நாள்லருந்து ஒரு சொட்டு ரத்தம் இங்க விழுந்ததில்ல. அல்லாம் பெருமாள் பார்த்துக்கறாரு."

இதைத் தன் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் ரூபா. அவளுடைய உழைப்பை வாங்கியிருந்தார், நேரத்தை வாங்கியிருந்தார், அவற்றோடு நாவையும் வாங்கிவிட்டதாக எண்ணி, அந்தப் பொய்யை அதன்மேல் வைத்தார். அதுவும் பெருமாளைச் சான்றுக்கு அழைத்து வைத்தார்.

ஆய்வாளர் காத்திருந்தார்.

இதை என்னால் மொழிபெயர்க்க இயலாது, ஏனென்றால் இது உண்மையன்று என்று ரூபா ஆங்கிலத்தில் சொன்னாள். பட்டியல் முழுமையானது அன்று, அதைக் குறைத்து அனுப்பியவள் நான்தான், விடுபட்ட ஏழு பேர் இந்தச் சுவருக்குப் பின்னாலுள்ள மாந்தோப்பில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

சென்னகிருஷ்ணனுக்கு ஆங்கிலம் அரைகுறையாகவே பிடிபடும். ஆனால் ஏழு என்ற எண்ணும், வெங்கட்டின் முகம் வெளுத்ததும் அவருக்குப் புரிந்தன. என்னம்மா சொல்கிறாய், நம் பெண்ணாக இருந்துகொண்டு என்று தெலுங்கில் தொடங்கினார். ஆய்வாளர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கைப்பேசியை அணைக்காமல் தோப்புக்குக் கொண்டு செல்லுமாறு வெங்கட்டுக்குக் கட்டளையிட்டார்.

மாமரத்தடியில் ஏழு பேர் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தனர். கைப்பேசியையும் பின்னால் விரைந்து வரும் முதலாளியையும் கண்டு எழுந்து நின்றனர். முன்னால் நின்றவர் திம்மப்பன். வலக்கை தானாகவே துண்டுக்குள் மறைந்தது. எத்தனை நாளாக இங்கே வேலை செய்கிறார் என்று ஆய்வாளர் கேட்டார். ரூபா அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டாள். மகளின் குரலைக் கைப்பேசியில் கேட்ட திம்மப்பனின் முகம் ஒரு கணம் உறைந்தது. அவர் முதலாளியைப் பார்த்தார்.

"நேத்துதாங்க சேர்ந்தேன்," என்றார்.

சென்னகிருஷ்ணன் மூச்சு விட்டார்.

ரூபா அதை ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நேற்றுச் சேர்ந்ததாகச் சொல்கிறார் என்றாள். பிறகு, ஒன்பது மாதமாக மூடியே இருந்த தன் கேமராவைத் திறந்தாள். திரையில் அவள் முகம் தோன்றியது. "நான் அவருடைய மகள். அச்சத்தால் அப்படிச் சொல்கிறார். அவருடைய வலக்கை விரல்கள் இரண்டை எடுத்தது, நீங்கள் சற்றுமுன் பார்த்த பதினான்காம் எண் பிரஸ்." இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, கையக் காட்டு."

திம்மப்பன் காட்டவில்லை. துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இருளாயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"காட்டேன் மாமா, என்னாத்துக்கு மறைக்கிற? திருடிக்கினா வந்த?" என்று துண்டை உருவி, அவருடைய மணிக்கட்டைப் பற்றி, கைப்பேசியின் முன் உயர்த்திப் பிடித்தாள். மூன்று விரலும் இரண்டு குறையும் வெயிலில் தெரிந்தன.

சென்னகிருஷ்ணன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. திரையிலிருந்த முகத்தைப் பார்த்தார். செல்லியின் கண்களை அதில் கண்டிருக்க வேண்டும்.

"நீ திம்மன் மவளா?" என்றார்.

"திம்மப்பன் மகள்," என்றாள் ரூபா. "ஒம்பது மாசமா 'சொல்லுங்க மேடம்'னு எங்கிட்டதான் பேசினீங்க. நான் சொன்ன தெலுங்கு உங்க வீட்டு மாட்டுக்கொட்டகையில எங்கம்மா சாணி வாரும்போது கத்துக்கிட்டது. உங்க ஆளுன்னு நம்பித்தான எங்கப்பாவப் பத்தி எங்கிட்டயே அப்படிப் பேசினீங்க?"

அவர் மறுமொழி சொல்ல வாயெடுத்தார், அவளை எப்படி விளிப்பது என்பதிலேயே அந்த வாய் அடைத்துப் போயிற்று.

ஆய்வாளர் சுருக்கமாக முடித்தார். ஏழு பெயர்களும், அவரவர் சேர்ந்த உண்மையான நாளோடும், நேர்ந்த விபத்துகளோடும் பத்து நாள்களுக்குள் பதிவாக வேண்டும். அதுவரை எந்த வேலையும் தரப்பட மாட்டாது.

நண்பகலுக்குள் முகவர் நிறுவனத்திடமிருந்து ரூபாவுக்குச் செய்தி வந்தது. வாடிக்கையாளர் வேறு உதவியாளரைக் கேட்டுள்ளார். இன்று முதல் அவருடைய கோப்புகளை நீங்கள் திறக்க இயலாது. ஆளை மாற்ற வேண்டுமானால் ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று சங்கக் கூட்டத்தில் அவர் சொன்னது பொய்யன்று. அதற்கு அரைநாளே போதுமாக இருந்தது.

திம்மப்பன் வீடு வந்ததும் மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் வரலாம் என்று ஏழு பேரையும் அனுப்பிவிட்டார்களாம். இதைச் செல்லியிடம் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்களே, அது யாருக்கு மானம் என்று கேட்டார். வெட்டியவனுக்கு இல்லாத மானக்கேடு வெட்டுப்பட்டவனுக்கு எதற்கு என்று ரூபா குரல் உயர்த்தினாள். நேற்றுச் சேர்ந்தேன் என்று சொன்ன அந்தச் சொல்லைத் தன்னால் மன்னிக்க முடியாது என்றாள். உன்னை மன்னிக்கச் சொல்லி யார் கேட்டது என்றார் அவர். நான்கு நாள் அந்த வீட்டில் தந்தையும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கு முகவர் நிறுவனம் வேறு வாடிக்கையாளரைத் தந்திருந்தது. அவள் உள்ளறையில் வேலை செய்தாள். அவர் முன்னறையில் படுத்துக் கிடந்தார்.

ஐந்தாம் நாள் முற்பகல் அறியாத எண்ணிலிருந்து ரூபாவுக்கு அழைப்பு வந்தது. எங்கோ தெற்கேயிருந்து பேசிய இளம்பெண் குரல்.

"அக்கா, எம் பேரு பூங்கொடி. பாகலூர் கம்பெனி வேலைய இப்ப நான்தான் பாக்குறேன். ஏழு பேர அவசரமாப் பதியணும்னு சார் சொல்றாரு. அவர்ட்ட தேதி கேட்டா, ஒரு தேதியும் தெரியலங்குறாரு. பழைய ஆள்ட்டயே கேளுன்னு உங்க நம்பரத் தந்தாரு. புனேக்காரங்க தெனமும் ரெண்டு வாட்டி மெயில் போடுறாங்க. மொதப் பேரு திம்மப்பன். அவரு சேர்ந்த தேதி என்னக்கா?"

தேதி ரூபாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். எழுந்து முன்னறைக்குச் சென்றாள். ஒலிபெருக்கியைத் திறந்து, கைப்பேசியைத் தந்தையின் முன் நீட்டினாள். கேட்கிறார்கள், நீயே சொல் என்றாள். அவளுடைய குரலில் சினம் தணிந்திருக்கவில்லை. அவருடைய முகத்திலும் தணிந்திருக்கவில்லை. பூங்கொடி மறுமுனையில், "ஐயா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அந்த 'ஐயா' தம்மைத்தான் அழைக்கிறது என்று தெளிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. எழுந்து உட்கார்ந்தார். கைப்பேசியை இடக்கையால் வாங்கப் போனவர், அதை விட்டு வலக்கையால் வாங்கினார். மூன்று விரல்களுக்குள் அது சற்று ஆடி நின்றது.

"எழுதிக்கம்மா. பன்னெண்டு வருசத்துக்கு முன்ன, ஜூன் மாசம், மொத திங்கக்கெழம. எம் மவ ஆறாவது சேர்ந்த அன்னிக்கே நானும் அங்க சேர்ந்தேன். நேத்து இல்ல."

"எழுதிட்டேங்க ஐயா. வேற ஏதாச்சும் இருக்கா?"

திம்மப்பன் மகளைப் பார்த்தார்; நான்கு நாளில் முதன்முறையாகப் பார்த்தார். பிறகு கைப்பேசியை வாயருகே கொண்டுசென்றார்.

"கை எங்க வெட்டுப்பட்டுதுன்னு எழுத அதுல எடம் இருக்குதாம்மா?"

"அதுக்கு வேற ஃபாரம் இருக்குதுங்க ஐயா."

"அதையும் எடு," என்றார் அவர்.